மகிழ்ச்சி, வரி தனி

முதலில் காலுறை விற்பார்கள்.

பெங்களூரில் கோரமங்கலாவோ ஒயிட்ஃபீல்டோ, ஏதோ ஒரு மாலின் உச்சி மாடி. ஒரு மூலையில் பார். ஒரு மூலையில் பவுலிங். நடுவில் கண்ணைக் குத்தும் விளக்குகளோடு கேம் மெஷின்கள். பந்து உருட்ட வந்தவருக்கு முதல் பில் காலுறைக்குத்தான். வெறுங்காலில் வாடகை ஷூ போடக் கூடாதாம். சுகாதாரம். நல்லது, போடுவோம். ஆனால் அந்தச் சுகாதாரம் ஷூவுக்குள் எட்டிப் பார்த்ததே இல்லை. காலையிலிருந்து எத்தனை பேர் கால் உள்ளே போய் வந்ததோ, கவுன்ட்டர் பையன் ஒரு ஸ்ப்ரே டப்பாவை எடுத்து 'புஸ்' என்று ஒரு தடவை அடிக்கிறான். முடிந்தது சுத்திகரிப்பு.

பந்தை எடுத்தால் விரல் துளைக்குள் முந்தைய கோஷ்டி தின்ற ஃபிரைஸின் பெரி பெரி தூள். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. அந்த மட்டில் நன்றி.

60 அடி நீள லேன், கடைசியில் 10 பின். முறையான போட்டிகளில் அந்தப் பலகையில் எண்ணெயை எத்தனை அடி தூரத்துக்கு, எந்த அளவில் பூச வேண்டும் என்பதற்கே வரைபடம் உண்டு. நம் லேனிலும் எண்ணெய் உண்டு. அது மெஷின் பூசியதா, சிக்கன் விங்ஸ் சிந்தியதா என்று மட்டும் கேட்காதீர்கள். பின் ஒவ்வொன்றின் தலையிலும் கயிறு கட்டியிருக்கிறது. இழுத்து நிறுத்துவது சுலபம், பராமரிப்புச் செலவும் குறைவு. அதில் குற்றம் இல்லை. அமெரிக்க பவுலிங் சங்கமே 2023இல் கயிற்று ஆட்டத்தைத் தனி வகையாக அங்கீகரித்துவிட்டது. ஆனால் கயிறு சிக்கிக்கொள்ளும். சனிக்கிழமை ராத்திரி கூட்டம் நெரியும்போது கட்டாயம் சிக்கிக்கொள்ளும். ஆட்டம் நிற்கும். கடிகாரம் ஓடும். லேன் மணிக்கணக்கு வாடகை அல்லவா!

"அண்ணா, டைமர் சர்வர்ல ஓடுதுண்ணா. இங்கேர்ந்து நிறுத்த முடியாது" என்றான் கிருஷ்ணகிரிப் பையன். நம் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறியவன். பாவம், அவன்தான் லேனுக்குப் பின்னால் குனிந்து போய், ஒரு நீளக் குச்சியை விட்டு, சிக்கலை எடுத்துவிட்டு, சட்டையெல்லாம் கரி அப்பிக்கொண்டு வருகிறான். போன நேரத்தைத் திருப்பித் தருவீர்களா என்றால், அவனுக்கு அதிகாரம் இல்லை. மேனேஜருக்கு உண்டு. மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார்.

இந்த சர்வர் இருக்கிறதே, அது ஒரு ஞானி. நம்மிடமிருந்து எடுக்க வேண்டியதைப் பைசா பிசகாமல் எடுக்கும். திருப்பித் தரவேண்டிய இடம் வந்தால் மோன நிலைக்குப் போய்விடும்.

கேம் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ரூபாய் செல்லாது. ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்துப் போட்ட நோட்டைக் கவுன்ட்டரில் கொடுத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் அட்டையில் 'கிரெடிட்' வாங்கிக்கொள்ள வேண்டும். அட்டைக்கு ஒரு காசு. அதை உயிர்ப்பிக்க ஒரு காசு. ஒரு ஆட்டத்துக்கு எத்தனை ரூபாய் என்று மெஷினில் எழுதியிருக்காது. 7.4 கிரெடிட் என்று எழுதியிருக்கும். பீர் உள்ளே போன தலையோடு 7.4ஐ ரூபாய்க்கு மாற்றி, போனஸைக் கழித்து, வார இறுதிக் கட்டணத்தைக் கூட்டிப் பார்க்கிறவன் இந்த இடத்துக்கே வந்திருக்கமாட்டான். அந்த நம்பிக்கையில்தான் கடையே நடக்கிறது. கடைசியில் கார்டில் 5.2 மிஞ்சும். எந்த ஆட்டமும் 5.2க்குக் கிடையாது. திருப்பியும் தரமாட்டார்கள். எத்தனை கார்டில் எத்தனை 5.2 செத்துக் கிடக்கிறதோ, அந்த சர்வருக்கே வெளிச்சம்.

பொம்மை பிடிக்கும் மெஷினில் ஒரு அப்பா தன் மகளுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கொக்கி இறங்கும், கரடியின் காதைத் தொடும், கொஞ்சம் தூக்கும், நழுவவிடும். "இன்னும் கொஞ்சம்ப்பா" என்கிறது குழந்தை. இந்த வகை மெஷின்கள் பலவற்றில் கொக்கி எப்போது இறுக்கிப் பிடிக்க வேண்டும், எப்போது தளர வேண்டும் என்பதை நடத்துகிறவரே திருகி வைத்துக்கொள்ளலாம். திறமைக்கு அங்கே வேலை இல்லை. கையில் ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்து, தோற்றது உன் கைப்பிசகு என்று ஒரு தகப்பனையும் மகளையும் நம்பவைப்பதற்குத்தான் இத்தனை விளக்கு, இத்தனை பாட்டு. சீட்டுக்கட்டு வைத்து விளையாடினால் போலீஸ் வரும். கரடி வைத்து விளையாடினால் குடும்பப் பொழுதுபோக்கு.

சரி, பில்லுக்கு வருவோம். சாப்பாட்டுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. விளையாட்டுக்கு வேறு விகிதம். மது ஜிஎஸ்டிக்குள் வராது, அதற்கு மாநிலக் கணக்கு. இந்த மூன்றுக்கும் நடுவே, அரசாங்கத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஆசாமி வரி மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சர்வீஸ் சார்ஜ், 10 சதவீதம்.

2022 ஜூலை 4ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தெளிவாகச் சொன்னது: பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது. வேறு பெயர் வைத்தும் வாங்கக் கூடாது. தரமாட்டேன் என்பவரை உள்ளே விடாமல் இருக்கக் கூடாது. அதைச் சேர்த்த தொகையின் மேல் ஜிஎஸ்டி போடக் கூடாது. ஓட்டல் சங்கங்கள் இரண்டு டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு ஓடின. 2025 மார்ச் 28இல் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளி, சங்கத்துக்கு ஒரு லட்சம் என்று அபராதமும் போட்டது. அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறார்கள். போகட்டும், அவர்கள் உரிமை. நம் பில்லில் அந்த வரி எங்கேயும் போகவில்லை. அப்படியே இருக்கிறது.

எடுக்கச் சொன்னால் எடுப்பார்கள். ஆனால் எப்படி? மேசையில் ஆபீஸ் நண்பர்கள் இருக்கும்போது, "சாருக்கு சர்வீஸ் சார்ஜ் வேணாமாம்" என்று அடுத்த லேன் வரை கேட்கிற குரலில். எட்டாயிரம் ரூபாய்க்குக் குடித்துத் தின்ற கூட்டம் நம்மைப் பார்க்கும் பார்வையில், சட்டப்படி நடந்த நாம் கஞ்சனாகிவிடுவோம். சட்டத்தை மீறிய நிறுவனம் பெருந்தன்மையானதாகிவிடும். அந்தக் கூச்சத்துக்குப் போட்ட விலைதான் அந்த 10 சதவீதம்.

டாஸ்மாக் கடையில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கேட்டால் கூலித்தொழிலாளி வரிசையில் நின்றபடியே சண்டை போடுகிறான். வீடியோ எடுக்கிறான். சட்டமன்றம் வரைக்கும் பேச்சு போகிறது. மாதம் லட்சம் வாங்குகிற நாம் பில்லைப் படிக்காமலே கார்டைத் தேய்த்துவிட்டு, மேலே டிப்ஸும் வைத்துவிட்டு வருகிறோம். படித்தவர்கள்.

தண்ணீர் பாட்டிலிலும் ஒரு கதை இருக்கிறது. அச்சிட்ட விலைக்கு மேல் ஓட்டல்கள் விற்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே விற்பது வெறும் தண்ணீர் அல்ல, உட்காரும் இடமும் சேவையும் சேர்ந்தது என்பது வாதம். சரி, ஒப்புக்கொள்வோம். சேவை தண்ணீர் விலையிலேயே சேர்ந்துவிட்டது என்றால் கீழே தனியாக ஒரு சர்வீஸ் சார்ஜ் எதற்கு? டெல்லி மேல்முறையீட்டு விசாரணையில் நீதிபதிகளே இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். ஒரே சேவையை இரண்டு தடவை விற்கிற சாமர்த்தியம் நம் ஊர் ரியல் எஸ்டேட் புரோக்கருக்குக்கூட முழுசாகக் கைவரவில்லை.

அந்தச் சேவையைச் செய்தவன் கதையையும் கேட்டுவிடுங்கள். கரி அப்பிய சட்டையோடு நிற்கிற கிருஷ்ணகிரிப் பையனிடம், இந்த 10 சதவீதம் உங்களுக்கு வருமா தம்பி என்றேன். சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு ஜிஎஸ்டி கிடையாது.

இதற்கெல்லாம் நம்மைக் கூட்டிக்கொண்டு வருவது யார்? பெரும்பாலும் கம்பெனி. 'டீம் அவுட்டிங்'. சம்பள உயர்வு கேட்டால் சந்தை நிலவரம் சரியில்லை. பவுலிங் மட்டும் எல்லா நிலவரத்திலும் உண்டு. யாரை வேலையை விட்டு எடுக்கலாம் என்று போன வாரம் பட்டியல் போட்ட மேலாளர், இந்த வாரம் அதே ஆளுக்கு 'ஸ்ட்ரைக்' விழுந்ததும் கையைத் தட்டிக் குதிக்கிறார்.

இதுவரைக்கும் சொன்னது காசு சமாச்சாரம். காசு போனால் போகட்டும் என்று விடலாம்.

நுழைவாயிலில் ஒரு பலகை இருக்கிறது. யாரும் படிப்பதில்லை. விபத்து, காயம், பொருள் இழப்பு எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல. காலுறைக்குப் பொறுப்பு நாம். கார்டுக்குப் பொறுப்பு நாம். நம் உயிருக்கும் பொறுப்பு நாமே.

2024 மே 25. சனிக்கிழமை, கோடை விடுமுறை. குஜராத்தின் ராஜ்கோட்டில் டிஆர்பி கேம் ஜோன். நுழைவுக் கட்டணம் 99 ரூபாய் என்று சலுகை போட்டுக் கூட்டத்தைச் சேர்த்திருந்தார்கள். உள்ளே குழந்தைகள் ஆடிக்கொண்டிருக்க, பக்கத்திலேயே வெல்டிங் வேலை. எரிபொருளும் உள்ளேயே சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. 27 பேர் செத்தார்கள். உடல்களை அடையாளம் காண டிஎன்ஏ சோதனை தேவைப்பட்டது. தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று அந்த இடத்துக்குக் கிடையாது. இதில் பெரிய வேடிக்கை, அந்தக் கட்டடத்தை இடிக்கச் சொல்லி மாநகராட்சியே 2023 ஜூனில் உத்தரவு போட்டிருந்தது. உத்தரவு கோப்பில் இருந்தது. கட்டடம் தரையில் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்துகொள்ளவில்லை. உயர் அதிகாரிகள் முன்பு அங்கே போய் நின்று எடுத்துக்கொண்ட படங்கள் பிறகு வெளியே வந்தன. அரசு இயந்திரத்தின் மேல் எங்களுக்கு நம்பிக்கை போய்விட்டது என்று குஜராத் உயர் நீதிமன்றமே சொன்னது. நீதிபதிகளுக்கு அன்றைக்குத்தான் போனது. நமக்கு எப்போது போனதென்று நமக்கே ஞாபகம் இல்லை.

பிறகு என்ன நடந்தது? வழக்கமானது. பல மாநிலங்களில் பரபரவென்று சோதனை. சில இடங்களில் சீல். பேட்டி. அந்தப் பரபரப்பு அடங்கியதும் பலூன் கட்டி மறுபடி திறப்பு.

பெங்களூர் மாலில், பச்சை எழுத்தில் 'எக்ஸிட்' என்று எரிந்துகொண்டிருந்த கதவைத் தேடிப் போனேன். கதவுக்கு முன்னால் கூடைப்பந்து மெஷின் ஒன்று நிறுத்தியிருந்தது. பக்கவாட்டில் நுழைந்து தள்ளிப் பார்த்தால் சங்கிலி, பூட்டு. மீட்டிங்கிலிருந்து வெளியே வந்த மேனேஜரிடம் கேட்டேன். மிகுந்த மரியாதையோடு விளக்கினார்: "திறந்து வெச்சா பில் கட்டாம போயிடறாங்க சார்."

பில்லுக்கு ஒரு கதவு போதும் என்பது கணக்கு. புகை கிளம்பினால் முன்னூறு பேரும் அந்த ஒரே கதவில் கார்டைத் தேய்த்துவிட்டுப் போகலாம்.

இவ்வளவையும் வாடிக்கையாளர் யாராவது எழுதியிருப்பார்களே என்று தோன்றும். இணையத்தில் வரும் விமர்சனங்கள் நேர்மையாக இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஒரு தரமே வகுத்திருக்கிறது: ஐஎஸ் 19000. விருப்பம் இருப்பவர்கள் பின்பற்றலாம் என்றுதான் அறிவித்தார்கள். நம் ஊரில் அந்த ஏற்பாடு எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் பூட்டைப் பற்றிக் கேட்டுவிட்டுத் திரும்புவதற்குள் மேசைக்கு ஒரு டேப்லெட் வந்துவிட்டது.

"அண்ணா, ஃபைவ் ஸ்டார் போட்டா ஐம்பது கிரெடிட் ஃப்ரீ. போடாட்டி எங்களுக்குத்தான் இன்சென்டிவ் கட் ஆகும்ணா."

அந்த இடத்துக்கு இப்போது 4.7 நட்சத்திரம்.