தேர்டு செலக்‌ஷன்

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலிப் பட்டியல் உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்று நீண்டுகொண்டே போகும். அதில் சாமி 1981-லேயே ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். பாலாறுகூட 2021 நவம்பரில் கரை புரள ஓடி மானத்தைக் காப்பாற்றிக்கொண்டது. காலியான இடங்களுக்குப் புது ஆள் எடுப்பதாக இருந்தால் என் ஓட்டு ‘பார்க்கிங் இல்லாத தெரு’வுக்குத்தான். நான் கார் வாங்கப் போகிறேன் என்றதும் ஊரே “இன்னா வண்டி?” என்று கேட்டது. “எங்க உடுவீங்க?” என்று கேட்டவர் பால்காரர் ஒருவர்தான்.

நாங்கள் இருப்பது கொசப்பேட்டைப் பக்கம். என் மனைவி ஆம்பூர்க்காரி; கல்யாணத்துக்கு முன்பு ஷூ கம்பெனியில் கட்டிங்கில் இருந்தவள். மில்லிமீட்டருக்குக் குறைந்த சமாதானத்தை ஏற்கமாட்டாள். தெருமுனை மின்கம்பத்துக்கும் எதிர்வீட்டுப் படிக்கும் நடுவே டேப்பைப் பிடித்து, “ரெண்டாயிரத்து நூறு” என்று அறிவித்தாள். நான் ஸ்விஃப்ட் ஆசையில் இருந்தேன். அதன் அகலம் 1735 மில்லிமீட்டர். மீதி 365 இருக்கிறதே என்றேன். “கம்பெனிக்காரன் போட்டிருக்கிற அகலத்துல ரெண்டு பக்கக் கண்ணாடி சேராதுங்க. அதையும் விரிச்சா வண்டி நுழையும், ஆனா கதவைத் தொறந்து நீங்க இறங்க முடியாது. உள்ளயே இருந்துக்கறீங்களா?”

ஆசையை 1677-க்கு, அதாவது டியாகோவுக்கு இறக்கினேன். அங்கிருந்து வேகன் ஆர், 1620. கடைசியில் ஆல்ட்டோ கே10, 1490. தெருவுக்கு ஆல்ட்டோதான் மாப்பிள்ளை என்று முடிவாகிற நேரத்தில் அம்மாவின் முழங்கால் குறுக்கே வந்தது. ஆல்ட்டோவின் உயரம் 1520, வேகன் ஆரின் உயரம் 1675. “குனிஞ்சு ஏறணும்னா நான் ஆட்டோலயே ஆஸ்பத்திரிக்குப் போய்க்கறேன். எனக்காக ஒண்ணும் வாங்க வேணாம்” என்றார். எனக்காக வேண்டாம் என்று அம்மா சொன்னால் அந்த வாக்கியத்தை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இந்தியாவில் சின்னக் கார் என்றால் என்ன என்பதை முடிவு செய்தது தெருக்கள் இல்லை, நிதியமைச்சகம். நாலு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள் இன்ஜின் என்று 2006 பட்ஜெட் கோடு கிழித்து வரியைக் குறைத்தது. அன்றுமுதல் பெரிய காரின் வாலை வெட்டி நாலு மீட்டருக்குள் திணிப்பதே ஒரு தொழிலாகிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைப் பெட்ரோல் கார்களுக்கு, செஸ் சேர்த்து 29 ஆக இருந்த வரி 18 சதவீதமானது. ஆனால் நாலு மீட்டர் என்பது நீளக் கணக்கு. கொசப்பேட்டைக்கு வேண்டியது அகலக் கணக்கு. அதற்கு எந்த பட்ஜெட்டிலும் சலுகை கிடையாது.

விளம்பரத்தில் பெருமையாகச் சொல்லும் இன்னொரு எண், திரும்பும் ஆரம். ஆல்ட்டோவுக்கு 4.5 மீட்டர், வேகன் ஆருக்கு 4.7. ஆரம் என்பது பாதிதான். வண்டி ஒரே மூச்சில் திரும்ப அதைப்போல் இரண்டு மடங்கு அகலம் வேண்டும். ஒன்பது மீட்டர் அகலத் தெரு எங்கள் பேட்டையில் இருந்திருந்தால் அதில் இந்நேரம் ஒரு கல்யாண மண்டபம் எழுந்திருக்கும். ஆகவே எந்தக் கார் வாங்கினாலும் ரிவர்ஸ்தான். கேமரா தேவையில்லை. நாம் ரிவர்ஸ் கியர் போட்ட சத்தம் கேட்டதும் டீக்கடையிலிருந்து நாலு பேர் எழுந்து வந்து “வா… வா… வா… வரட்டும்…” என்பார்கள். இடித்த பிறகு “ஸ்டாப்” என்பார்கள்.

ஊருக்குள் ஓட்டுவது வேறு சங்கதி. கிரீன் சர்க்கிளைச் சுற்றி வந்து, சி.எம்.சி. இருக்கும் ஆற்காடு ரோட்டில் நுழைந்தால், வங்காளத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று எக்ஸ்ரே கவரோடு குறுக்கே நடக்கும். லாட்ஜுக்கு ஆள் பிடிக்கும் ஆட்டோ ஒன்று நட்டநடுவே நின்று பேரம் பேசும். முதல் கியர், கிளட்ச், பிரேக், மறுபடி முதல் கியர். இடது காலுக்குத் தனியாக எலும்பு டாக்டரைப் பார்க்க வேண்டியிருக்கும், அவரும் அதே ரோட்டில்தான் இருப்பார். அதனால் ஏ.எம்.டி. என்று தீர்மானித்தேன். 2014-ல் செலேரியோ மூலம் நம் ஊருக்கு வந்த சங்கதி அது. சாதாரண கியர்பாக்ஸ்தான், கிளட்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும். கியர் மாறும்போது லேசாகத் தலையாட்டும். மாமனார் சொன்னால் நான் ஆட்டுவதில்லையா, அப்படி.

மாமனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் அசார்ட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்து குவியும் தோலை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் விரித்து, உள்ளங்கையால் தடவி, ஃபர்ஸ்ட் செலக்‌ஷன், செகண்ட், தேர்டு, ரிஜக்‌ஷன் என்று பிரித்தே வாழ்க்கையைக் கழித்தவர். உயிரோடிருந்தபோது அந்த ஆடு எந்த முள்வேலியில் உரசியது, எங்கே உண்ணி கடித்தது என்பதெல்லாம் அவர் விரலுக்குத் தெரியும். சாப்பாட்டுக்கு வந்தால் வாழையிலையையும் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

அவரை ஷோரூமுக்கு அழைத்துப் போனோம். விற்பனைப் பையன் தொடுதிரை, புளூடூத், ஏர்பேக் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தான். மாமனார் காதில் எதுவும் ஏறவில்லை. பானெட்டில் உள்ளங்கையை வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே பின்கதவுவரை போனார். அங்கே கை நின்றது.

“தம்பி, இந்த லைட்ல ஒண்ணும் தெரியாது. வெளிச்சத்துக்குக் கொண்டா.”

“சார், அது ரிஃப்ளெக்‌ஷன்.”

வண்டி வெளியே வந்தது. முடியளவு ஒரு கீறல். “முள்ளு இழுத்திருக்கு. தேர்டு செலக்‌ஷன். வேற எடு” என்றார். நாலாவதாக வந்த வேகன் ஆரைத்தான் செகண்டில் சேர்த்தார். ஃபர்ஸ்ட் எங்கே என்றேன். “ஃபர்ஸ்ட்டெல்லாம் எக்ஸ்போர்ட்டுக்குப் போயிடும் மாப்ள.”

அந்த வண்டியில் அவருக்கு ஒரே ஒரு குறைதான். வெளிக்காற்றை அடைத்து உள்காற்றையே சுற்றவிடும் ஏ.சி. பட்டனைப் பையன் காட்டி, “ராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கம் போறப்போ இதைப் போட்டுட்டா ஸ்மெல் வராது சார்” என்றான். மாமனார் முகம் சுருங்கிவிட்டது. பாலாற்றில் தோல் கழிவு கலந்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே பணம் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்ன கதையெல்லாம் அவருக்கும் தெரியும். அதை அவரே சொல்லித் திட்டுவார். ஆனால் நாம் மூக்கைப் பொத்தக்கூடாது. “அந்த வாசனைலதான் இவ படிச்சா” என்று மகளைக் காட்டினார். பட்டன் இன்றுவரை, அவர் வண்டியில் இருந்தால், தொடப்படுவதில்லை.

மிச்சமிருந்தது சீட் கவர். உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் ஊர்களுக்கு நடுவே இருந்துகொண்டு ரெக்ஸினில் உட்காருவதா என்று எனக்கொரு ரோஷம். கடைக்காரர் ஒரு சாம்பிளை எடுத்துப்போட்டு, “ஒரிஜினல் லெதர் சார், கேரண்டி” என்றார். மாமனார் கிள்ளினார், முகர்ந்தார், திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

“தீப்பெட்டி இருக்குதா?”

“எதுக்குப் பெரியவரே?”

“நிஜத் தோலுன்னா முடி பொசுங்கற வாசனை வரும். உங்களுது உருகும்.”

கடைக்காரர் ஒரு நிமிடம் யோசித்தார். “லெதர் மாதிரி” என்றார். மாமனார் பாக்கெட்டைத் தடவினார். “லெதர் கலர்” என்றார். தீப்பெட்டி வெளியே வருவதற்குள் விலை பாதியாகிவிட்டது.

பாதி விலைக்கே வாங்கி மாட்டினோம். வேலூர் வெயில் பற்றி அந்தப் பொருளைச் செய்தவருக்கு யாரும் சொல்லவில்லை போலும். சித்திரை மாதம் கோட்டை வாசலில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தோம்; உட்கார்ந்த வேகத்தில் எழுந்தோம். இப்போது நாலு சீட்டிலும் குடியாத்தம் லுங்கி விரித்திருக்கிறது, பச்சைக் கட்டம். மாமனார் போன வாரம் வந்தபோது அதைத் தடவிப் பார்த்தார்.

“இது ஃபர்ஸ்ட்” என்றார்.