பைத்தான் நிறுவியல்: சுரண்டைப் பாடம்

பாடம் கேட்க வருபவனை நன்னூல் எட்டு வகையாகப் பிரித்தது: அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை. அதைச் செய்த பவணந்தியார் காலத்தில் ஏடும் எழுத்தாணியும் இருந்தால் பாடம் தொடங்கிவிடும். இன்றோ பாடத்துக்கு முன்னால் மொழியைக் கணினியில் நிறுவியாக வேண்டும். அந்த வாசற்படியில் தடுக்கி விழுபவனை இதுவரை யாரும் வகை செய்யவில்லை. சுரண்டையில் ஒரு பிரவுசிங் சென்டர் பெஞ்சில் பல சாயங்காலம் உட்கார்ந்திருந்த தகுதியால் அக்குறை தீர்க்கப் புகுந்தேன். அகத்தியரின் பொதிகைக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு இலக்கணம் செய்யாமல் இருப்பதும் அழகல்ல.

முதற்கண், மொழி. பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான் என்பது தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் வந்தபின் இந்தப் பக்கத்துப் பெற்றோருக்கும் அந்தப் பெயர்கள் பழகிவிட்டன. பைத்தானை 1991-ல் வெளியிட்டவர் கைடோ வான் ராசம். பெயருக்கு மலைப்பாம்பு என்று பொருள் உரைப்பாரும் உளர், அது பொருந்தாது. மான்ட்டி பைத்தான் என்ற ஆங்கில நகைச்சுவைக் குழுவின் பெயர் அது.

இனி, நிறுவுவோர். தலையாயவர் நெக்ஸ்டார். கண்ணில் பட்ட பெரிய பொத்தானை அமுக்குவது இவர் இயல்பு. பைத்தான் நிறுவியின் முதற்பக்கத்தில் ‘இன்ஸ்டால் நவ்’ என்று பெரிதாக இருக்கும். அடியில், டிக் அடிக்காத ஒரு குட்டிக் கட்டம், ‘பாத்’தில் சேர்க்கவா என்று கேட்டபடி ஒதுங்கி நிற்கும். நெக்ஸ்டார் அதைப் பார்ப்பதில்லை. மறுநாள் வருவார்.

“அண்ணாச்சி, பைத்தான் போட்டேன். வரமாட்டேங்கு.”

“எதுல வரமாட்டேங்கு?”

“கறுப்பு ஸ்கிரீன்ல. ஸ்கூல்ல நல்லா வந்துச்சே!”

கறுப்புத் திரையில் ஒரு பெயரை அடித்தால், விண்டோஸ் தன் கையில் உள்ள பட்டியலின்படி கோப்புறை கோப்புறையாகத் தேடும். அந்தப் பட்டியலே பாத். அதில் இல்லாத பைத்தான், பால் காய்ச்சிக் குடிவந்தும் தபால்காரருக்கு வீடு தெரியாத கதைதான். பள்ளியில் ‘ஐடில்’ சாளரத்தை மெனுவிலிருந்து திறந்தார்கள். அதற்குப் பாத் வேண்டாம். ஆகவே சிலருக்கு இந்நோய் பள்ளி முடியும்வரை உறங்கி, கல்லூரியில் நூலகம் இறக்க முதல் ‘பிப்’ கட்டளை அடிக்கும்போது விழிக்கும். மருந்து: நிறுவியை மறுபடி ஓட்டி, ‘மாடிஃபை’யில் போய் அந்த டிக்கை அடிப்பது. பிறகு கறுப்புத் திரையை மூடித் திறக்க வேண்டும். திறந்திருந்த திரை பழைய பட்டியலையே பிடித்துக்கொண்டிருக்கும். இதைச் சொல்ல மறந்து ஒரு பையனை இரண்டு தடவை நிறுவ வைத்த பாவம் எனக்கு உண்டு.

‘ரீஸ்டார்ட் பண்ணுல, சரியாயிரும்’ என்னும் அண்ணன்மார் கொள்கை சில சமயம் வெல்வதும் இதனாலேயே. காரணத்தைச் சொன்னால் அவர்கள் ஒப்புவதில்லை.

அடுத்தவர் ஸ்டோரார். விண்டோஸ் 10-ல் பைத்தான் என்று அடித்ததும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்க, காசு கேட்கப்போகிறார்கள் என்று மூடிவிட்டு ஓடுபவர். அங்கேயும் பைத்தான் இலவசம்தான்.

மூன்றாமவர் பழம்பதியார். அண்ணன் படித்து முடித்த விண்டோஸ் 7 லேப்டாப்பைச் சீதனமாகப் பெற்றவர். பைத்தான் 3.9 முதல் அந்த மண்ணில் முளைக்காது, 3.8-தான் கடைசி. இவரைப் பற்றிக் கேலி எழுத எனக்கு மனம் வரவில்லை.

பிழைகளுள் இலக்கண நயம் மிக்கது விகுதித்தொகை. நோட்பேடில் எழுதிச் சேமித்தால் ‘பிஒய்’ விகுதியின் மேல் ‘டிஎக்ஸ்டி’ விகுதி ஏறிக்கொள்ளும். விண்டோஸ் பின்னதை மறைத்துக் காட்டும். மோர்க்குடத்தில் உருபு மறைந்தாற்போல, இங்கே விகுதி தொக்கு நிற்கிறது. மற்றொன்று தன்பெயர் மயக்கம்: ஆமை வரையும் நிரலுக்கு ‘டர்ட்டில்’ என்றே பெயரிட, அது டர்ட்டில் நூலகத்தை அழைக்கப் போய்த் தன்னையே அழைத்துக்கொள்ளும்.

இவ்வகையில் அடங்காதவள் ஒருத்தி. சாரல் பிடித்திருந்த ஒரு சாயங்காலம் குடையை மடக்கி வைத்து உட்கார்ந்தாள். முதற்பக்கத்தை முழுக்கப் படித்தாள், கட்டத்தில் டிக் அடித்தாள், பிறகே அமுக்கினாள். ஐடிலைத் திறந்து, மேற்கோள் குறிக்குள் ‘சுரண்டை’ என்று போட்டு, எத்தனை எழுத்து என்று ‘லென்’னிடம் கேட்டாள். 7 என்று வந்தது.

“அண்ணாச்சி, நம்ம ஊருக்கு நாலெழுத்துதான? இது ஏழுங்கு.”

சு, ர, ண், டை. விரல் மடக்கி நானும் எண்ணினேன். யூனிகோடு உகரக் குறியையும் புள்ளியையும் ஐகாரக் குறியையும் தனித்தனியே எண்ணுகிறது என்று விளக்கினேன்.

“அப்ப அதுக்குத் தமிழ் எழுத்தெண்ணத் தெரியாது,” என்றாள்.

அவளுக்கு வகை தோன்றாமல் ஏட்டில் இடம் விட்டு வைத்திருக்கிறேன், நான்கு ஸ்பேஸ்.