அம்மா போனைத் தண்ணீரில் போடவில்லை

மண்டைக்காட்டில் இரும்பு நாள்பட நிற்காது. ஜன்னல் கம்பி, கிணற்றுக் கப்பி, சைக்கிள் ரிம் எல்லாம் சீக்கிரமே துருவேறும். பகவதியம்மன் கோவிலில் இருந்து கடல் கூப்பிடு தூரம். மாசிக் கொடைக்கு இருமுடி கட்டி வருகிற பெண்கள் பலர் கடலில் முங்கிவிட்டுத்தான் அம்மனைப் பார்க்க வருவார்கள். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என இரண்டு மழையும் எங்களுக்கு உண்டு. மழை இல்லாத நாளிலும் அடுக்களையில் உப்பு மரவை நீர்த்துப்போய்க் கிடக்கும். இங்கே வாழ்கிறவர்கள் யாரும் இதை ஒரு குறையாகச் சொல்வதில்லை. கடற்காற்று அப்படித்தான்.

1970களில் எங்கள் வீட்டில் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தது. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ரேடியோ வைத்திருப்பதற்கே அன்று லைசென்ஸ் வேண்டும்; வருஷா வருஷம் தபால் ஆபீசில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். திருநெல்வேலி, திருவனந்தபுரம் நிலையங்களோடு இலங்கை வானொலியும் எங்கள் கரையில் தெளிவாகக் கேட்கும். 1984இல் நாகர்கோவிலுக்கே ஒரு வானொலி நிலையம் வந்தது, நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் என்ற பெருமையோடு. அதுவரைக்கும் அந்த ரேடியோ உழைத்தது என்றால், அதற்குக் காரணம் நாகர்கோவிலில் அதை விற்ற கடையும், அந்தக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்திருந்த மெக்கானிக்கும்தான். எங்களுக்கு அவர் ரேடியோ அண்ணாச்சி.

வாங்கிய வருஷமே ரேடியோ கரகரத்து நின்றுபோனது. கடை முத்திரை போட்ட கியாரண்டி கார்டை அப்பா மடிப்புக் குலையாமல் ஒரு கவரில் வைத்திருந்தார். பஸ் ஏறிப் போனோம். அண்ணாச்சி கார்டைக் கூட உடனே பார்க்கவில்லை. ரேடியோவை எங்கள் கண் முன்னால் மேஜையில் கவிழ்த்து, பின்மூடியைத் திருகி எடுத்தார். பேட்டரி தொடுகிற சுருள்கம்பிகளில் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. அந்தப் பச்சை ஒரு மெல்லிய கோடாகப் பக்கத்து இணைப்பு வரைக்கும் ஏறியிருந்தது. அதை என்னையும் எட்டிப் பார்க்கச் சொன்னார்.

"கடக்காத்து பிடிச்சிருக்கு சாரே. வேற ஒண்ணுமில்ல" என்றார்.

பிளேடு முனையால் சுரண்டினார். பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் முக்கித் துடைத்தார். விட்டுப்போன இடத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்தார். குங்கிலியம் மாதிரி ஒரு புகை எழுந்தது. பேட்டரியைப் போட்டதும் பாட்டு வந்தது. அப்பா சட்டைப் பைக்குள் கையை விட்டார். "கார்டுக்குக் காலம் இருக்கில்லா சாரே" என்று சொல்லி அண்ணாச்சி அடுத்த பெட்டியை இழுத்துக்கொண்டார். உப்பு ஏறியது யாருடைய குற்றம் என்ற கேள்வியே அங்கே எழவில்லை. கடற்கரைக்காரர்களுக்கு ரேடியோ விற்கிற கடைக்கு, கடற்காற்று என்று ஒன்று உண்டு என்பது தெரிந்திருந்தது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனசில்லை. அதே வருஷங்களில் எங்கள் பக்கத்து வீட்டில் வாங்கிய சீலிங் ஃபேன் சில வாரத்திலேயே புகைந்து நின்றது. வேறொரு கடையில் வாங்கியது. "கரண்டு சரியில்ல, நாங்க என்ன செய்ய?" என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் அன்றும் இருந்தது. விற்கிற பொருள் எந்த நோக்கத்துக்கு வாங்கப்படுகிறதோ அதற்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்று சில நிலைகளில் அது சொல்கிறது. ஆனால் ஒரு ஃபேனுக்காக வக்கீல் வைத்து இரணியல் கோர்ட்டு ஏறுகிறவர் யார்? அந்த ஃபேன் பரண் ஏறியது. அண்ணாச்சியைப் போல ஒருவர் வாய்த்தால் நியாயம் கிடைத்தது, வாய்க்காவிட்டால் கிடைக்கவில்லை. அந்த நிலையை மாற்றத்தான் 1986 டிசம்பர் 24 அன்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மாவட்டம்தோறும் மன்றம், வக்கீல் இல்லாமலே வழக்காடலாம் என்ற ஏற்பாடு. அந்தச் சட்டத்தை நான் இன்றும் மதிக்கிறேன்.

இப்போது அம்மாவின் போன் கதை.

பஹ்ரைனில் இருக்கும் தம்பி, வீடியோவில் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும் என்று பணம் அனுப்பினான். நாகர்கோவிலில் வாங்கினோம். பில் முறைப்படி கிடைத்தது. அம்மா அந்தப் போனை அடுக்களைக்குள் கொண்டுபோனதே இல்லை. சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மர அலமாரிமேல் ஒரு துணியில் சுற்றி வைப்பாள். ஒரு நாள் சார்ஜ் ஏறவில்லை. ஒரு வருஷ வாரண்டியில் இன்னும் மாசக்கணக்கில் பாக்கி இருந்தது.

சர்வீஸ் சென்டரில் டோக்கன் கொடுத்தார்கள். போனை வாங்கிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். வெகுநேரம் கழித்து ஒரு பையன் வந்தான்.

"லிக்விட் டேமேஜ் ஆயிருக்கு மேடம். வாரண்டி வராது. போர்டு மாத்தணும்."

சொன்ன தொகை போன் விலையில் பாதிக்குப் பக்கம்.

"எங்க தண்ணி பட்டிருக்கு? காட்டுங்க தம்பி."

"உள்ள கஸ்டமர விடமாட்டோம் மேடம். போட்டோ இருக்கு."

படத்தில் கொத்தமல்லி விதை அளவுக்கு ஒரு பொட்டு ஸ்டிக்கர், இளஞ்சிவப்பாக. அவ்வளவுதான் சாட்சியம். அந்தப் பையனைக் குறைசொல்ல மாட்டேன். அவனுக்குக் கொடுத்த படிவத்தில் அந்தக் கட்டத்தில் டிக் போடுவதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். ஆனால் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது அம்மாவின் முகம் மாறிப்போனது.

"நான் தண்ணியில போட்டேன்னா எழுதியிருக்கான்? ஈரக் கையால நான் அதத் தொட்டதே இல்லியே மக்களே."

எண்பது வயதுக்காரியை, அவள் ஊரையோ வீட்டையோ பார்க்காத ஒருவர், அவள் செய்யாத காரியத்தைச் செய்தாள் என்று தங்கள் படிவத்தில் குறித்து வைத்திருக்கிறார். பணம் அப்புறம். இதை விடக்கூடாது என்று எனக்குத் தோன்றியது அதனால்தான்.

அந்த ஸ்டிக்கரைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். மேலே வெள்ளைத் தாள், அதற்கு அடியில் சாயம். ஈரம் பட்டால் சாயம் கரைந்து மேலே ஊறி நிறம் மாறும். சிம் போடும் இடம், சார்ஜ் முனை, பேட்டரிக்கு அருகே, போர்டின் மேல் என ஒரே போனில் இது பல இடங்களில் இருக்கலாம். ஈரம் பட்டது என்பதை மட்டும்தான் அது சொல்லும். எவ்வளவு ஈரம், எப்போது, எங்கிருந்து, பழுதுக்கு அதுதான் காரணமா என்பதையெல்லாம் அது சொல்லாது. உப்புக்கும் ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானாகவே ஈரத்தை இழுத்து நீர்த்துப்போகும். எங்கள் கரையில் அது சர்வ சாதாரணம். சார்ஜ் முனையில் படிந்த உப்புத் தூசி அப்படி நீர்த்து, அதன்மேல் மின்சாரமும் பாய்ந்தால் உலோகம் அரிக்கும். அண்ணாச்சி காட்டிய அதே பச்சைதான். மின்னணுப் பொருள்களைக் கடலோரக் காற்றுக்குச் சோதிப்பதற்கென்றே உப்புமூட்டச் சோதனைகள் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐ.இ.சி.) தரங்களில் இருக்கின்றன. இப்படி ஒரு காற்று உண்டு என்பது தெரியாமல் யாரும் போன் செய்வதில்லை.

அமெரிக்காவில் இதே ஸ்டிக்கருக்காக ஆப்பிள் நிறுவனத்தின்மேல் வாடிக்கையாளர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். அந்த ஸ்டிக்கர் பட்டையைச் செய்த த்ரீ எம் நிறுவனத்தின் தரப்பிலிருந்தே, காற்றின் ஈரப்பதத்தாலும் நிறம் மாறக்கூடும் என்ற பேச்சு அங்கே வந்தது. 2013இல் 5.3 கோடி டாலருக்கு ஆப்பிள் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. இத்தாலியின் போட்டி ஆணையம் 2020 நவம்பரில் அதே நிறுவனத்துக்கு ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது. தண்ணீரைத் தாங்கும் என்று விளம்பரம் செய்துவிட்டு, ஈரம் பட்டதும் வாரண்டியை மறுக்கிறார்கள் என்பது அங்கே எழுந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று.

நான் மறுபடி நாகர்கோவில் போய் மூன்று விஷயம் கேட்டேன். எந்த ஸ்டிக்கர் நிறம் மாறியது? மற்ற ஸ்டிக்கர்களின் படம் எங்கே? மறுப்பை ஏன் எழுத்தில் தரவில்லை? பேச்சு வார்த்தை நீண்டது. கடைசியில் மேலாளர் வந்து ஜாப் ஷீட் கொடுத்தார். அதைப் படித்தபோதுதான் விஷயம் வெளிச்சமானது. சார்ஜ் முனையில் இருந்த ஸ்டிக்கர் மட்டும்தான் சிவந்திருந்தது. போர்டின்மேல் இருந்தது வெள்ளையாகவே இருந்தது. பழுது என்று அவர்களே எழுதியிருந்ததும் "சார்ஜிங் கனெக்டரில் அரிப்பு" என்பதுதான். தண்ணீர் போர்டு வரைக்கும் போகவே இல்லை. பிறகு போர்டை எதற்கு மாற்ற வேண்டும்?

வாரண்டி மறுக்கப்பட்டு நிற்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்தக் காகிதத்தைத்தான். வாய்ச்சொல்லோடு திரும்பி வந்துவிடக் கூடாது. ஜாப் ஷீட், அவர்கள் எடுத்த படங்கள், பில், வாரண்டி நிபந்தனைத் தாள், எல்லாம் கையில் இருக்க வேண்டும். இன்னொரு ஆள் திறந்த பிறகு உள்ளே எது எப்படி இருந்தது என்று நிரூபிக்க முடியாது என்பதால், வழக்கு முடியும்வரை போனை வெளிக்கடையில் திறக்கவும் கூடாது.

2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பழையதைவிட நமக்குச் சாதகமானது. எங்கே வாங்கினாலும் சரி, நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். எனக்கு அது நாகர்கோவில். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். குறையைச் சோதனை இல்லாமல் முடிவு செய்ய முடியாது என்றால், ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதற்கான செலவை முதலில் நாம் கட்ட வேண்டியிருக்கும். மூன்று மாதம், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்று சட்டம் கெடு சொல்கிறது; நடப்பில் இன்னும் இழுக்கும். தகுந்த சோதனை இல்லாமல் உத்தரவாதம் கொடுப்பது முறையற்ற வணிகம், சோதித்தோம் என்று வாதிடுகிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. எனக்கு இந்த ஒரு வரி பெரிய தைரியம். காப்பீட்டு வழக்குகளில், விலக்கு விதியைக் காட்டித் தப்பிக்க நினைக்கிறவர்தான் அந்த விலக்கு பொருந்தும் என்று நிரூபிக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. போனுக்கும் அதே நியாயம்தானே?

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் புகாரைப் பதிந்தேன். பிறகு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம். அதில் கோபத்தைக் காட்டவில்லை. எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் உள்ள தூரத்தையும், ஜாப் ஷீட்டில் அவர்களே எழுதியதையும் சொன்னேன். "இந்தப் போனைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் விற்கிறீர்கள். இங்கே வீசுகிற காற்றைச் சுவாசித்ததற்காக வாரண்டியை மறுப்பீர்கள் என்றால், விற்கும்போதே அதைப் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்க வேண்டும்" என்று எழுதினேன். இதற்குப் பதில் வராவிட்டால் அடுத்தது நாகர்கோவில் ஆணையம் என்பதையும் கடைசியில் சேர்த்தேன்.

பதில் வந்தது. "சிறப்புச் சலுகையாக" இலவசமாகச் சரிசெய்து தருகிறோமாம். போய்ப் பார்த்தால், போர்டில் கையே வைக்கவில்லை. சார்ஜ் முனையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். போன் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் கையெழுத்துக்கு நீட்டிய தாளில் "லிக்விட் டேமேஜ்" அப்படியே இருந்தது. அது அவர்கள் கணினியில் இருக்கும்வரை, நாளைக்கு ஸ்பீக்கர் போனாலும் பேட்டரி போனாலும் இதையே காட்டி மறுப்பார்கள். அம்மாமேல் எழுதிய பழியும் அங்கேயே கிடக்கும். கையெழுத்துப் போட மாட்டேன், அந்தப் பதிவை நீக்கி வாரண்டிப் பழுது என்று எழுதித் தாருங்கள் என்றேன். சிஸ்டத்தில் மாற்ற முடியாது என்றார் மேலாளர். 1915 பதிவு எண்ணைச் சொல்லி, முடியாது என்பதையும் எழுதித் தரச் சொன்னேன். போனை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். மறுவாரம் மாற்றிய தாள் வந்தது. அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்போ நான் தண்ணியில போடல்ல" என்று சொல்லிவிட்டு அன்று ராத்திரியே தம்பியிடமும் அதைச் சொன்னாள்.

விஷயம் ஊரில் பரவிவிட்டது. கொளச்சலில் மீன் ஏலத்துக்குப் போகும் எங்கள் தெருக்காரர் ஒருவர் நேற்று வந்தார். அவர் போன் வேறு கம்பெனி. அவருக்குச் சொன்ன காரணம் மட்டும் ஒன்றே. அவரிடம் ஜாப் ஷீட் இல்லை, வாய்ச்சொல்தான். பில்லைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை இருவரும் நாகர்கோவில் போகிறோம்.