சங்கன் கட்சியா, பதுமன் கட்சியா?

ஏலே பேராண்டிகளா, சனிக்கெழமை ராத்திரி நம்ம திண்ணையில பகடை உருளுதத விட தொண்டை கிழியுததுதான் ஜாஸ்தியா இருக்கு. விண்வெளிக்குப் போறோம்னு உக்காருதீக. கப்பல் கெளம்புததுக்கு முன்னாலயே ஸ்டார் டிரெக்குல வார கிளிங்கான் நெத்தியில மேடு உண்டா இல்லையான்னு மல்லுக்கு நிக்கீக. எது கேனன்ங்கிற அசல் கதை, எது கேனன் இல்லன்னு நீங்க கத்துன கத்துல நானும் பாதிப் புஸ்தகம் படிச்சவன் ஆயிட்டேன். சண்டைதான் வேணும்னா ஒழுங்கா போடுங்கல. வழி நான் சொல்லுதேன்.

எடுத்த எடுப்புல, எந்த வருசத்துச் சரக்குன்னு கேளு. எதிராளி பாதி செத்தான். கிளிங்கான் 1967-ல டி.வி.யில வந்தப்ப நெத்தி வழுவழுன்னு இருந்துச்சு. 1979-ல சினிமாவுக்குப் போனான், மண்டையில மேடு மொளச்சிருச்சு. ஏன்னு ஒருத்தனும் சொல்லல. பாஸா கம்பெனி ஸ்டார் டிரெக்க ரோல்பிளேயிங் விளையாட்டாப் போட்டுச்சு. அதுக்கு 1983-ல கிளிங்கான் புஸ்தகம் எழுதுனவரு ஜான் ஃபோர்டு. மனுசனோட கலந்து உண்டாக்குன கிளிங்கான்னு ஒரு வகை இருக்கு, வழுவழு நெத்தி அவனுகளுக்குன்னு அந்த விளையாட்டு கணக்க நேர் பண்ணிருச்சு. நல்ல கணக்குடே! அடுத்த வருசமே அவரு நாவல் ஒண்ணும் எழுதுனாரு. அதுல கிளிங்கானுக்கு வாழ்க்கையே ஒரு ஆட்டம். 1987-ல புதுசா சீரியல் எடுத்தவன் இத எதையும் சட்டை பண்ணல. மானம் மானம்னு மாரத் தட்டுத வேற கிளிங்கானக் கொண்டாந்து நிறுத்துனான். 1996-ல ஒரு எபிசோடுல வோர்ஃபுங்கிற கிளிங்கான்கிட்டயே நேருக்கு நேரா கேட்டாக. வெளியாளுகிட்ட அதப் பேசுதது எங்க வழக்கமில்லன்னுட்டான், சொத்துத் தகராறப் பத்திக் கேட்டா நம்ம பெரியவுக மொகத்தத் திருப்பிக்கிடுத தோரணையில. பொறவு 2005-ல ஏதோ நோய் வந்து மேடு மறைஞ்சுதுன்னு கதைய முடிச்சாவ. ஃபோர்டு போட்ட கணக்கு அம்போ.

இந்தக் கூத்துல எனக்கு ஃபோர்டு மேலதான் பிரியம். கதைக்காரன் விட்ட ஓட்டைய விளையாட்டுக்காரன் அடச்சிருக்கான், சும்மாவா?

ஸ்டார் வார்ஸ் கட்சிக்காரன் எவனும் அங்கன சிரிக்காத. சாராயக்கடை சீன்ல ஓரமா நின்ன உருப்படிகளுக்கெல்லாம் யாரு பேரு வெச்சா? 1987-ல வெஸ்ட் எண்ட் கேம்ஸ் விளையாட்டுப் புஸ்தகம் போட்டப்ப வந்த பேருதான் ட்விலெக், ரோடியன் எல்லாம். டிமோத்தி ஸான் நாவல் எழுத உக்காந்தப்ப இந்தா, இதப் பாத்து எழுதும்னு அந்தப் புஸ்தகங்களத்தான் அனுப்பி வெச்சாவ. நாவல் 1991-ல வந்துச்சு. 2014 ஏப்ரல்ல சினிமாக் கம்பெனி ஒரே ஒரு அறிக்கை விட்டுச்சு: பழைய நாவலெல்லாம் இனிமே வெறும் 'லெஜண்ட்ஸ்'. இருவது வருசமாப் படிச்சவன் தலையில துண்டு. ஆனா விளையாட்டு வெச்ச பேரு மட்டும் இன்னைக்கும் சினிமாவுல ஓடிக்கிட்டிருக்கு.

சின்னவன் வெச்சிருக்கிற டிராவலர்ங்கிற விளையாட்டுதான் நான் ருசிச்சுக் கேட்டது. அதுல வார்கர்னு ஒரு சாதிசனம். மூணு லட்சம் வருசத்துக்கு முன்னால பூமியிலேர்ந்து நாய்க கூட்டத்தக் கொண்டுபோயி ஆரோ அறிவக் குடுத்து வளத்திருக்காவ. அவனுகளுக்கு குலம் கோத்திரம், பதவி கிதவி ஒண்ணும் செல்லாது. ஆளப் பாத்து கூட்டம் மயங்கணும், அவ்வளவுதான். மயக்கம் தெளிஞ்சா அடுத்த தலைவன். நம்ம தொகுதிக்கு அனுப்பி வெச்சா டெபாசிட் போகாது. இன்னொருத்தன் கிக்ரீ. நாலு காலு, ரெண்டு கையி, சுத்த சைவம். சைவம்னா சும்மா சைவமில்ல, கறி திங்கிறவன உலகத்துல விட்டுவைக்கக் கூடாதுன்னு படை தெரட்டுத சைவம். ஒத்தையில இருக்கமாட்டான், சின்ன ரூமுக்குள்ள அடைச்சா மூச்சு முட்டிப்போவும். பிரியாணிக்குப் பேர்போன நம்மூருக்குள்ள அவன் தூதனா வந்து எறங்குனா எப்படி இருக்கும்னு யோசிங்கல! அதுதான் ஆட்டம். அவன் கொளம்பு எத்தன இஞ்சுன்னு அளக்குதது ஆட்டமில்ல. அந்த டிராவலரும் 1977-ல மூணு குட்டிப் புஸ்தகமா வந்தப்ப அதுல வார்கரும் கிடையாது, கிக்ரீயும் கிடையாது. நீங்களே உண்டாக்கிக்கிடுங்கன்னு விட்டுட்டான்.

மனுசனல்லாத சாதிக சண்டை போட்ட கதை நம்மூருக்குப் புதுசுங்கிறியா? நம்ம கோயில் கதையில வார சங்கனும் பதுமனும் நாக ராசாக்க. சங்கன் சிவன் கட்சி, பதுமன் பெருமாள் கட்சி. எங்க சாமிதான் பெருசுன்னு ரெண்டும் மல்லுக்கட்டுச்சு. அம்மன் கோமதித்தாயி தபசிருந்தா, சாமி பாதி சிவனும் பாதி பெருமாளுமா ஒத்த உருவத்துல வந்து நின்னுச்சு. ஆடித்தபசு வருசா வருசம் அதுக்குத்தான். எந்தப் பாம்பு ஜெயிச்சுதுன்னு தலபுராணத்துல தேடாத. ரெண்டுக்கும் சேத்துத்தான் நாகசுனை. அந்த ஒத்த உருவத்துச் சாமி சன்னதியில துன்னூறும் உண்டு, துளசித் தீர்த்தமும் உண்டு. உங்க கேம் மாஸ்டர் இதப் பாத்துப் படிக்கட்டும். நெத்தி மேடு வேணும்னு ஒருத்தன், வேண்டாம்னு ஒருத்தன் நின்னா, இந்தக் கெரகத்துல இப்படி, அந்தக் கெரகத்துல அப்படின்னு ரெண்டையும் வெச்சிட்டு, அவன் வாயத் தொறக்கதுக்குள்ள பகடையக் கையில குடுத்துரணும்.

ஆமா, வர்ற சனிக்கெழம கிக்ரீயா ஆடப்போறவன் எவன்னு வெள்ளிக்கெழமையே ஆச்சிகிட்ட சொல்லிப்போடுங்க. அவனுக்குத் தயிர்சோறு. மட்டன் அரைக்கிலோ கொறச்சு வாங்கிக்கிடுதோம்.