ஒங் கயிறு யாரு கையில?

ஏலே மருமவனே, நேத்து விடியக்காலம் நம்ம தூத்துக்குடி முயல் தீவுல ஒன்னப் பாத்தேன். மணல்ல சம்மணம் போட்டு, கண்ண மூடி, காதுல ரெண்டு வெள்ளைக் குச்சியச் சொருகிட்டு இருந்தே. என்னலே கேக்கேன்னா, அலைச்சத்தம்ங்கே. அதுவும் செல்போன்ல! எதுத்தாப்ல மன்னார் வளைகுடா ஓசியிலயே சத்தம் போட்டுக்கிட்டுக் கெடக்கு. அதுக்கு மாசச் சந்தா கிடையாது, அதான் ஒனக்கு நம்பிக்க வரல போல.

மணிக்கட்டுல ஒரு கடிகாரம் வேற. 'மூச்ச இழுத்து விடு'ன்னு அது ஞாபகப்படுத்துமாம். மறந்து போனா என்னலே செய்வே, விடாமலே இருந்துருவியா?

போதாக்கொறைக்கு, இயற்கைகிட்டச் சமநிலை படிக்கப் போறேன்னு ஒரு கோச்சு நடத்துத ரெண்டு நாள் முகாமுக்குப் பணம் கட்டியிருக்கியாம். அத்தை சொன்னா. கட்டு, கட்டு. முத்துக்குளி காலத்துலயும் அப்படி ஒரு ஆளு உண்டு, கடல்கட்டின்னு பேரு. மந்திரம் ஓதி சுறா வாயக் கட்டுவான். அவன் ஓதினாத்தான் குளிக்கிறவன் தண்ணிக்குள்ள இறங்குவான். இந்தக் கடல்ல முத்தெடுக்கதப் பத்தி மார்க்கோ போலோ எழுதி வச்சிருக்கான், அந்த மந்திரக்காரனுக்குக் கூலி எடுத்ததுல இருபதுல ஒரு பங்குன்னு. ஒங் கோச்சு எவ்வளவு வாங்குதான்னு கணக்குப் பாரு. நான் கடல்கட்டியக் கொறை சொல்ல மாட்டேன். அவன் ஓதினா பயம் போவும், பயம் போனா மூச்சு தாக்குப் பிடிக்கும். அங்க நெசமாவே சுறாவும் இருந்துச்சு.

1955லேருந்து 61 வரைக்கும் இங்க முத்துக்குளி நடந்துச்சு. நான் அன்னைக்கு டவுசர் போட்ட பய. எங்கப்பா தோணியில கயிறு பிடிச்சவரு, அவரு சொன்னதத்தான் சொல்லுதேன். ஒரு கல்லுக்கு ரெண்டு ஆளு. கயித்துல கட்டின கல்லு, அதுமேல கால வச்சா ஆளக் கிடுகிடுன்னு அடிக்குக் கொண்டு போயிரும். அஞ்சு பாகமும் இருக்கும், பத்துப் பாகமும் இருக்கும் ஆழம். கடலடியில சிப்பி கிடக்க பார்ல கால் பட்டதும் கல்ல விட்டுருவான், மேல உள்ளவன் அத இழுத்து வச்சுக்கிடுவான். கீழ உள்ளவன் கைக்கு எட்டின சிப்பிய வலைப்பையில அள்ளிப்போட்டு, கயித்த ஒரு சுண்டு சுண்டுவான். ஆளத் தூக்கிருவாங்க. எல்லாம் ஒரு நிமிசம், மிஞ்சினா ஒன்றரை. ஏறி வந்தவன் தோணி ஓரத்தப் பிடிச்சு மூக்கச் சிந்திட்டுச் சும்மா கிடப்பான். அதுவரைக்கும் கல்லு அடுத்தவனுக்கு.

இதுல நிதானம் யாருகிட்ட இருந்துச்சு? கீழ போனவன்கிட்டயா? அவனுக்குக் கண்ணெல்லாம் சிப்பி. இன்னும் நாலு எடுத்துட்டு ஏறுவோம்னுதான் எவனுக்கும் தோணும். போதும்லே, வான்னு சொன்னது மேல இருந்த கை. கயிறு பிடிக்க மச்சினனத்தான் கூட்டிட்டுப் போவாங்கன்னு ஊர்ல ஒரு பேச்சு உண்டு. அக்கா தாலி கையில இருக்கையில எவனும் கொட்டாவி விட மாட்டான். ஒங் கடிகாரத்துக்கு அக்கா இருக்காளாலே?

"பாருக்கும் ஓய்வு விட்டாங்கல்லா மாமா"ன்னு நீ கேப்பே. வாஸ்தவந்தான். மொதல்ல மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்து, எண்ணி, பிளந்து, உள்ள கிடக்க முத்து என்ன வெல போவும்னு பாத்து, அதுக்குப் பொறவுதான் குளிக்கே நாள் குறிப்பாங்க. ஆனா நீ ஓய்வு குடு, நான் முத்து தாரேன்னு கடல் எவனுக்கும் பத்திரம் எழுதிக் குடுக்கல. அக்கரையில, இலங்கையில, 1905ல கோடிக்கணக்குல சிப்பி. அதப் பாத்து வாயப் பொளந்த லண்டன் கம்பெனிக்காரன் 1906ல 20 வருசக் குத்தகை எடுத்தான், வருசத்துக்கு 3,10,000 ரூவா. 1907க்குப் பொறவு பார் காலி. 1912ல கம்பெனியச் சுருட்டிட்டான்.

சரி, அவன் பேராசைக்காரன். நாம 61லேருந்து பார்ல குளிக்காமத்தான இருக்கோம்? முத்துக்குளி திரும்பி வந்துச்சா? 1973ல இங்க ஆராய்ச்சிக்காரங்க வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினாங்க, அது அவங்க கெட்டிக்காரத்தனம். அதனால, ஞாயித்துக்கிழம ஓய்வெடுத்தா திங்கக்கிழம ரெண்டு மடங்கு வேல ஓடும்னு ஒங் கோச்சு சொல்லுதான் பாரு, அது குத்தகைக்காரன் புத்தி. முத்துக்குளி மும்முரமா நடக்கையிலயும் நம்ம ஆளுக ஞாயித்துக்கிழம இறங்க மாட்டாங்க. திங்கக்கிழம கூட அள்ளவா? பூசைக்குப் போவணும், அவ்வளவுதான்.

அலை போரடிச்சா உப்பளத்துக்கு வா. பாத்தித் தண்ணி வெயில்ல சுண்டிச் சுண்டி அடர்த்தி 25 போமே டிகிரி வந்தா உப்பு பூக்கும். பூக்குதே, இன்னும் கிடக்கட்டும்னு 30ஐத் தாண்ட விட்டேன்னா மக்னீசியம் சேந்து கசந்துரும். உப்பும் ஈரத்த இழுத்து நசநசன்னு ஆயிரும். அதுக்கு முந்தி மிச்சத் தண்ணிய வெட்டி விட்டுருவாங்க. ஒடனே 'ஆகா, எல்லாத்துலயும் அளவு'ன்னு நோட்டுல எழுதாத. அந்தத் தண்ணிக்குள்ள நின்னு உப்பு வாருதாளே, அவ காலப் பாரு, பாதமெல்லாம் வெடிப்பு. வெள்ள வெயில்ல கண்ணு கூசிக் கூசியே பார்வ மங்கிப் போயிருக்கும். மீன்பிடித் தடைக்காலமும் அப்படித்தான். ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், விசைப்படகு கரையில கிடக்கணும். மீனுக்கு ஓய்வு, மீன்காரனுக்கு வட்டி. கடலோட கணக்கு நேராகட்டும்னு யாரோ ஒருத்தன் வயித்தக் கட்டுதான். முகாமுல அதச் சொல்ல மாட்டாங்க, சொன்னா சாப்பாடு இறங்காதுல்லா.

சரி, ஒங் கதைக்கு வாரேன். ராத்திரி ஒரு மணிக்கு ஆபீஸ் வேலையா கன்டெய்னர் நம்பர் கேட்டு போன் வருது, நீயும் எடுக்கே. பக்கத்து சீட்டுக்காரப் பய கொறட்ட விடுதான். அவன்கிட்டப் பேசு, ஒரு ராத்திரி நீ, மறு ராத்திரி அவன்னு. ஒத்துக்கிடலேன்னா ஒரு பொரிச்ச பரோட்டா வாங்கிக் குடு, ஒத்துக்கிடுவான். ஒம் பொண்டாட்டி 'போதும், போன வைங்க'ன்னு சொல்லையில மொறைக்காத. அவ மேலேருந்து இழுக்கா, ஏறி வா.

சரி, அத்தை கூப்பிடுதா. டாக்டர் சீனி ஏறிப்போச்சுன்னு சொன்னதுலேருந்து காப்பியக்கூட மோந்துதான் பாக்க விடுதா. நீ பஜாருக்குப் போனா கால் கிலோ மக்ரூன் வாங்கி, துண்டுக்குள்ள வச்சுக் கொண்டா. அவகிட்ட மட்டும் மூச்சு விட்டுராத, கயித்த இழுத்துப்புடுவா.