ஒழுகாத மாடலை நம்பாத, பேராண்டி

அப்பு, உக்காரு. லேப்டாப்ப மடியிலயே வச்சுக்க. கீழ வச்சா கோழி ஏறி நின்னு பட்டனத் தட்டிப்புடும். நீ வாரக்கணக்கா எழுதினத விட அது நல்லா எழுதிப்புட்டா உனக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்.

எங்கயோ ஆலையில கிடக்கிற பாய்லர, இந்தக் கயித்துக் கட்டில்ல உக்காந்தே அடக்கி ஆளப்போறேங்கிற. சந்தோசம். ஒரே கூரைக்குள்ள இருந்தும் உங்க பாட்டிய என்னால அடக்க முடியல. நீ காட்டுற படத்துல கோடு ஏறுது, ரெண்டு குதி குதிக்குது, அப்புறம் சமத்தாப் படுத்துக்குது. பார்க்க லட்சணமாத்தான் இருக்கு. எனக்குச் சந்தேகமே அந்த லட்சணத்தப் பார்த்துத்தான்.

போன தடவை நீதான போன்ல ஒரு வெள்ளக்காரன் மிஷினக் காட்டுன? நீ மறந்திருப்ப. உனக்குப் பார்க்க ஆயிரம் இருக்கு, எனக்கு அது ஒண்ணுதான். அதனால கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். பில் பிலிப்ஸ். 1914-ல நியூசிலாந்துல மாட்டுப்பண்ணை வச்சிருந்த குடும்பத்துல பொறந்தவன். ஆஸ்திரேலியாவுல முதலை வேட்டையாடினான், கரண்டு வேலை படிச்சான், சண்டையில ஜப்பான்காரன் கையில மாட்டி ஜாவா முகாம்ல கிடந்தான். அங்கயும் சும்மா இருக்கல. கூட இருந்த கைதிகளுக்கு டீத்தண்ணி காய வைக்கக் களவாக் குட்டிக் குட்டி ஹீட்டராப் பண்ணிக் கொடுத்தானாம். ராத்திரி எல்லாரும் ஒரே நேரத்துல சொருகினா முகாம் விளக்கு பூராம் மங்கிப் போகுமாம். ஏன்னு தெரியாமக் காவக்காரன் முழிப்பானாம். இங்க இழுத்தா அங்க மங்கும்ங்கிற பாடத்த அவன் டீயிலயே படிச்சுட்டான். நீ நாலு வருசம் காலேஜுல படிச்ச.

சண்டை முடிஞ்சு லண்டன் பொருளாதாரப் பள்ளியில சமூகவியல் படிச்சான். பாஸானதே பெரும்பாடு. (உன் மார்க்கப் பத்தி உங்கப்பன் சொன்னத நான் யாருகிட்டயும் சொல்லல.) பாடம் ஏறல, ஆனா பணம் ஊருக்குள்ள எப்படி ஓடுதுங்கிறது மண்டையக் குடைஞ்சிருக்கு. 1949-ல, லண்டன் பக்கம் குரோய்டன்ல, குடியிருந்த வீட்டுக்காரரோட கார் ஷெட்டுல உக்காந்து ஒரு மிஷினக் கட்டிப்புட்டான். கண்ணாடி மாதிரித் தெரியிற பிளாஸ்டிக் தொட்டி, குழாய், வால்வு, மிதவை, கப்பி, கயிறு. பழைய லங்காஸ்டர் குண்டுவிமானத்துச் சாமானும் அதுல உண்டு. ஆளு உயரத்துக்கு மேல நிக்கும். அதுக்குள்ள ஓடுற கலர் தண்ணிதான் நாட்டோட பணம்.

பம்பு தண்ணிய உச்சிக்கு ஏத்தும். அதுதான் நாட்டு வருமானம். இறங்கையில அரசாங்கம் வரின்னு ஒரு வாய்க்காலுக்குத் திருப்பும், சனங்க சேமிப்புன்னு இன்னொண்ணுக்குத் திருப்பும். மிச்சம் செலவாக் கீழ விழும். வரியா எடுத்தது அரசாங்கச் செலவாவும், சேமிச்சது முதலீடாவும் வழியில வந்து சேரும். இறக்குமதிக்கு வெளிய ஒரு குழாய், ஏற்றுமதிக்கு உள்ள ஒரு குழாய். எல்லாம் அடியில சேர்ந்து திரும்ப மேல. ஓரத்துல பேனா ஒண்ணு, தண்ணி ஏற இறங்கத் தாள்ல கோடு இழுக்கும். ஆக உன் தொழில் மூணும், மாடல் கட்டுறது, கட்டுப்படுத்துறது, படமாக் காட்டுறது, ஒரே சட்டத்துல. இத்தனைக்கும் கரண்டு போனா சார்ஜர் தேட வேண்டியதில்ல, வாளி தேடினாப் போதும்.

அந்த வருசம் நவம்பர்ல லயனல் ராபின்ஸ்ங்கிற பேராசிரியரோட கூட்டத்துல மிஷின ஓட்டிக் காமிச்சான். வந்தவுகள்ல பாதிப்பேரு சிரிக்கலாம்னுதான் வந்தாக. அப்ப அவுகளுக்குள்ள ஒரு பெரிய வழக்கு. வட்டி விகிதத்த முடிவு பண்ணுறது கையிருப்புப் பணமா, இல்ல வந்து போற கடனும் சேமிப்புமான்னு. புத்தகம் புத்தகமா அடிச்சுக்கிட்டாக. மிஷின்ல ஒரு தொட்டி; அதுல தண்ணி மட்டம் ஏறினா வட்டி இறங்கும், மட்டம் இறங்கினா வட்டி ஏறும். மட்டத்தத் தீர்மானிக்கிறது என்ன? உள்ள வர்றதும் வெளிய போறதும். ரெண்டு கட்சியும் ஒரே தொட்டியப் பத்தித்தான் சத்தம் போட்டிருக்காக. நான் நீர்பாய்ச்சியா இருந்தவன், எங்கிட்டக் கேட்டிருந்தா ஒரு வெத்தலை பாக்குக்குச் சொல்லியிருப்பேன். படம் போட்டுக் காட்டுறதுன்னா அப்படி இருக்கணும், அப்பு. நீ காட்டுற படத்துல பதினாறு கலரு இருக்கு, ஒரு வழக்காவது தீர்ந்துச்சா?

இப்பத்தான் உன் சங்கதிக்கு வர்றேன். மடையத் திறந்தா தண்ணி கடைசி வயலுக்குப் போய்ச் சேர நேரம் ஆகும். அங்க நிறைஞ்சத கண்ணால பார்த்துட்டு வந்து மடைய அடைக்கிறவன் நீர்பாய்ச்சி இல்ல; வழியில கிடக்கிற தண்ணி பூராம் இனிமேத்தான் போய் விழும், வரப்பு உடையும். பிலிப்ஸ் 1954-ல எழுதின கட்டுரை இதத்தான் கணக்காப் போட்டது. பொருளாதாரத்தத் திருத்த மூணு வழி பார்த்தான். இப்ப எவ்வளவு குறையுதுன்னு பார்த்துத் திருத்துறது ஒண்ணு. இதுவரைக்கும் சேர்ந்த குறையெல்லாம் கூட்டி வச்சுத் திருத்துறது ஒண்ணு. எந்த வேகத்துல மாறுதுன்னு பார்த்துத் திருத்துறது ஒண்ணு. அதத்தான நீ பி.ஐ.டி.ன்னு பீத்திக்கிற? ரெண்டாவது ரகம் உங்க பாட்டி: கல்யாணத்தன்னிக்கு உள்ள குறையிலருந்து கூட்டிக்கிட்டே வந்து, இன்னைக்குச் சோத்துல உப்பு கூடிப் போச்சுன்னா மொத்தத்துக்கும் சேர்த்து வட்டியோட தீர்ப்பா. அதுக்கு ஒரு குணம், விட்ட குறை தொட்ட குறை இல்லாமத் தீர்த்துவிடும். ஆனா தாமதம் இருக்கிற எடத்துல அத மட்டும் நம்பினா ஊஞ்சல் ஆட்டந்தான். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தாண்டித் தாண்டி விழும். தாமதத்தோட அவசரமாத் திருத்துற கை, சும்மா இருக்கிற கைய விடக் கேடு பண்ணலாம்னு அவன் கணக்குக் காட்டிச்சு.

ஜேம்ஸ் மீடுன்னு ஒரு பேராசிரியர், பின்னால நோபல் வாங்கினவரு, இந்த மிஷின வச்சே பாடம் நடத்தினாரு. ஒரு பையன நிதி மந்திரியாக்கி வரி வால்வக் கொடுத்தாரு. இன்னொருத்தன மத்திய வங்கிக்குத் தலைவராக்கிப் பண வால்வக் கொடுத்தாரு. ஒருத்தன ஒருத்தன் கேக்காம ஆளுக்கு ஒரு பக்கம் திருத்தினா, தண்ணி தலைகீழா ஆடுமாம். உன் ஆலையில தண்ணி மட்டத்துக்கு ஒரு கண்ட்ரோலர், ஆவி அழுத்தத்துக்கு ஒண்ணுன்னு சொன்னியே, அதுக ரெண்டும் பேசிக்குதுகளா? முழிக்காத, சும்மாதான் கேட்டேன்.

பிலிப்ஸ் மிஷினுக்கு ஒரு குறை, ஒழுகும். எனக்கு அதுதான் அதுல பிடிச்ச குணம். இது சாமான், நாடு இல்லைங்கிறத தரை ஈரம் சொல்லிக்கிட்டே இருக்கும். உன் கம்ப்யூட்டருல ஒரு சொட்டு ஒழுகாது; துருப்பிடிச்ச வால்வு இல்ல, பொய் சொல்லுற மீட்டர் இல்ல, தூங்குற ஆபரேட்டரு இல்ல. அதனால நீ மொதல்ல அந்த வால்வு எத்தன விநாடி கழிச்சுத் திரும்புதுன்னு ஆலையில போய் நின்னு பார்த்துட்டு வந்து, அப்புறம் கோடு போடு.

அந்த மிஷின் ஒரு டஜன் போலச் செஞ்சாக. ஒண்ணு குவாத்தமாலா நாட்டு மத்திய வங்கி வரைக்கும் போச்சு. இன்னைக்கு லண்டன் சயின்ஸ் மியூசியத்துல ஒண்ணு நிக்குது, கேம்பிரிட்ஜுல ஒண்ணச் சரி பண்ணித் தண்ணி ஓட விட்டிருக்காக. கம்பெனி உன்ன அந்தப் பக்கம் அனுப்பினா பார்த்துட்டு வா. புது ஷூவப் போட்டுக்கிட்டுப் போகாத.