நீலத்திரை ராஜாங்கம்

புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று இந்தியாவோடு இணைந்தது. சுற்றியுள்ள சீமையெல்லாம் வெள்ளைக்காரன் ரூபாய் புரண்டபோதும் சொந்தமாக அம்மன் காசு அடித்துக்கொண்டிருந்த ஊர். அந்தப் பிடிவாதம் லேசில் போகுமா? உலகம் எங்கெங்கோ போன பிறகும் இங்கே கம்ப்யூட்டர் லேபுகளில் செல்லுபடியான சி கம்பைலர் டர்போ சி ஒன்றுதான்.

போர்லண்ட் கம்பெனி டர்போ சியை வெளியிட்டது 1987இல். ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜிசிசி என்ற சி கம்பைலரை வெளியிட்டதும் அதே 1987இல்தான். சுதந்திர மென்பொருள், யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஸ்டால்மன் கொள்கை பேசினார். டர்போவையும் இங்கே யாரும் காசு கொடுத்து வாங்கியதில்லை என்பதால் அந்தக் கொள்கை எடுபடவில்லை.

டர்போ ராஜாங்கத்துக்கென்று சடங்குகள் இருந்தன. முதலில் வாய்ட் மெயின், அதற்குள் தொடங்கியதும் கிளியர் ஸ்கிரீன், முடிவில் கெட்ச். ஏன் என்று கேட்டவன் இன்டர்னல் மார்க்கை மறந்துவிடலாம். சீனியர் அக்காவின் ரெக்கார்டு நோட்டில் இருக்கிறது, அதனால். கக்கத்தில் இருந்த பாலகுருசாமி புத்தகத்தின் அட்டையில் ஆன்சி சி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அட்டையோடு அது நின்றுவிடும். ஐ பிளஸ் பிளஸையும் பிளஸ் பிளஸ் ஐயையும் ஒரே வரியில் கூட்டினால் இன்ன விடைதான் வரும் என்று சி மொழியின் தரநிலை எங்கும் சொல்லவில்லை. வைவாவில் எக்ஸ்டர்னலுக்கு மட்டும் விடை தெரியும். டர்போவின் நீலத்திரை சொன்னதே வேதம்.

அதன் கணக்கு வேறு தனி ரகம். முழு எண்ணுக்கு 16 பிட்தான் இடம். 32767க்கு மேல் தாங்காது. 8இன் ஃபேக்டோரியல் கேட்டால் மைனஸ் 25216 என்று கூசாமல் சொல்லும். அதனால் ரெக்கார்டு நோட்டுகளில் எல்லோரும் 5க்குத்தான் ஃபேக்டோரியல் கண்டுபிடித்தார்கள்.

அறிவு வளர்ந்து இந்த ஆட்சி கவிழ்ந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 64 பிட் விண்டோஸ் வந்து 16 பிட் புரோகிராமை உள்ளே விட மறுத்தது, அவ்வளவுதான். அப்போதும் விசுவாசிகள் டாஸ்பாக்ஸுக்குள் உட்கார வைத்துப் பழைய ராஜாவையே ஆளவிட்டார்கள். 2011இல் அரசு கொடுக்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. அந்தப் பக்கம் போனவர்கள் பெரும்பாலும் வழிதவறிப் போனவர்கள்.

2018இல் பிளஸ் ஒன் புதுப் பாடப்புத்தகம் டெவ் சி++ஐக் கொண்டுவந்தது. பெயர்தான் டெவ், உள்ளே இருந்தது ஜிசிசி. பழைய புரோகிராமை அப்படியே அடித்தால் கோனியோ உண்டு, கெட்ச்கூட உண்டு, கிளியர் ஸ்கிரீனை மட்டும் காணோம். வாய்ட் மெயினைத் தப்பு என்றே சொல்லித் திருப்பி அனுப்பியது. முப்பது வருஷம் அரசாண்ட வரியை!

ஒரேயடியாகப் புது ராஜாவைப் புகழவும் வேண்டாம். 8இன் ஃபேக்டோரியலைச் சரியாக 40320 என்று சொல்லும். 12 வரைக்கும் யோக்கியம். 13 கேட்டுப் பாருங்கள்: 1932053504 என்னும். உண்மை விடை அறுநூறு கோடிக்கும் மேல். 8க்கு டர்போ சொன்ன பொய்யை மைனஸ் காட்டிக்கொடுத்துவிடும். இதில் அதுகூடக் கிடையாது.